மேகத்துக்குள் இருபத்தெட்டுப் பேர்

நாலாம் வகுப்பு டீச்சர் ஒன்பது வருடமாக மேகத்தைப் பற்றிப் பாடம் நடத்தி வந்தார். கரும்பலகையில் முதலில் கடல், அதிலிருந்து மேலே போகும் மூன்று அம்புக்குறிகள், உச்சியில் கொழுகொழுவென்று ஒரு மேகம். அந்த மேகத்தை வரைவதில் கை நன்றாகப் பழகிவிட்டது; கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைந்துவிடுவார். வரைந்து முடித்ததும், "பாக்கறதுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும்" என்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அடுத்தது இடி, மின்னல்.

பத்தாவது வருடம், சரியாக அந்த இடத்தில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடும் சிறுமியின் கை அது. பென்சில் காணாமல் போனாலும் சாட்சி கேட்காமல் விடமாட்டாள்.

"பாக்கறதுக்குப் பஞ்சு, சரி டீச்சர். தொட்டா?"

"தொட்டா ஈரமா இருக்கும்."

"நீங்க தொட்டிருக்கீங்களா?"

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவங்க தொட்டாங்களாமா?"

டீச்சர் பதில் யோசிப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ரேடியோ ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அந்தப் பெயர் வைத்தது பழைய வகுப்பு டீச்சர். காலையில் வாசலில் நுழையும்போது திறந்த வாய், மாலை மணி அடிக்கும்வரை மூடாது. தன் மாமா விமானத்தில் போனபோது மேகத்துக்குள் போனதாகவும், ஜன்னலைத் திறக்க விடாததால் தொட முடியவில்லையென்றும், வீட்டில் மூன்று வயதுத் தங்கை மேகத்தைத் தின்ன வேண்டும் என்று நேற்றுகூட அழுதாள் என்றும், அழும்போது அவள் மூக்கு எப்படி இருக்கும் என்றும் மூச்சு விடாமல் சொன்னான்.

அன்று மாலை டீச்சர் பெரிய சார் அறைக்குப் போனார். தலைமை ஆசிரியரை அந்தப் பள்ளியில் எல்லோரும் பெரிய சார் என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டார்.

டீச்சர் நீட்டிய நாலு பக்க விண்ணப்பத்தைப் பெரிய சார் எழுத்து எழுத்தாகப் படித்தார். "நோக்கம்னு போட்டு, ‘மேகத்தைத் தொடுதல்’னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"‘வானிலைக் கூறுகளை நேரில் அறிதல்’னு மாத்துங்க." பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். "நாலு மணிக்கு இங்க இருக்கணும். அங்க ரெண்டு மணிக்குக் கிளம்பிடணும். லேட்டானா எனக்குப் படபடன்னு வந்துடும்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை. ஒருத்தனிடம் வெப்பமானி, ஐந்து வளைவுக்கு ஒருமுறை ஜன்னலோரமாக நீட்டிப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். அவன் முதல் தடவை அதை அக்குளில் வைத்துக்கொண்டு, "முப்பத்தாறு" என்றான். "அது உனக்கு. வெளிய எவ்வளவுன்னு பாரு" என்றார் டீச்சர். வெளியே முப்பத்தொன்று. இன்னும் நான்கு பேரிடம் ஒட்டு பிரிக்காத சிப்ஸ் பாக்கெட்டுகள். அவற்றைத் தின்னக் கூடாது, கவனிக்க மட்டும்தான் வேண்டும். அந்த நான்கு பேரும் அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை.

மலைப்பாதையில் இருபத்திரண்டு வளைவுகள். ஐந்தாவதில் காது அடைத்தது. பத்தாவதில் வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. பன்னிரண்டாவதில் சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பிவிட்டன.

"மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையுது," என்றார் டீச்சர். "கீழ இருந்த காத்து பாக்கெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. இப்ப வெளியிலேருந்து அமுக்கறதுக்கு ஆள் குறைஞ்சுபோச்சு, அதனால உள்ள இருக்கற காத்து காலை நீட்டிப் படுத்துக்குது."

பதினான்காவது வளைவில் வண்டி சாய்ந்தது. ஒரு பையன் பக்கத்து இருக்கைக்குச் சறுக்கி, அங்கே வைத்திருந்த பாக்கெட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

டமார் என்று ஒரு சத்தம்.

ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, முன் சக்கரம் இரண்டையும் குனிந்து பார்த்தார். பின்னால் போய் நான்கையும் உதைத்துப் பார்த்தார். வண்டியின் அடியில் தலையை விட்டார். உள்ளே இருபத்தெட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டீச்சர் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார்.

ஓட்டுநர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன். சிப்ஸுக்கு வண்டிய நிறுத்தினது இதான் முதல் தடவை."

"மன்னிச்சுக்குங்கண்ணா."

"அது போகட்டும். உடைஞ்சதத் தின்னலாம்ல?"

தின்னலாம் என்று தீர்ப்பாயிற்று. மீதி மூன்று பாக்கெட்டுக்காரர்களின் முகமும் தொங்கிப்போனது.

உச்சியை அடைந்தபோது மணி பத்தரை. வெப்பமானி பத்தொன்பது. கம்பி வேலி போட்ட புல்வெளி, நடுவில் கால் முளைத்த வெள்ளைப் பெட்டி, கம்பத்தின் மேல் சுற்றும் கிண்ணங்கள், ஓரமாக ஒரு சின்ன அலுவலகம். வானத்தைப் பார்த்தார்கள். துடைத்து வைத்த மாதிரி நீலம். ஒரு மேகம்கூட இல்லை.

இருபத்தெட்டுத் தலைகளும் வானத்திலிருந்து இறங்கி டீச்சர் பக்கம் திரும்பின.

வானிலைக்காரர் வாசலுக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மூன்று வருடமாக அங்கே தனியாக வேலை பார்ப்பவர். ஒரே நேரத்தில் இத்தனை பேரைப் பார்த்து நாளாகிவிட்டது. கையில் மடித்த காகிதம். அதை விரித்து, "மதிப்பிற்குரிய மாணவச் செல்வங்களே, வளிமண்டலவியலின் அடிப்படைக் கோட்பாடுகள் ஐந்து" என்று தொடங்கினார்.

"மேகம் எங்க சார்?" என்றாள் வக்கீல்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி அதில் இல்லை. "இப்ப இல்ல."

"நாங்க ரெண்டு மணி நேரம் வந்திருக்கோம்."

"நான் வரவழைக்கறதில்லம்மா. வந்தா எழுதி வைக்கறது மட்டும்தான் என் வேலை."

டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சார், பேச்ச அப்புறம் வச்சுக்கலாம். நீங்க தினமும் என்ன செய்யறீங்களோ அத இவங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க, போதும்."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அதன் பிறகுதான் அவர் முகத்துக்கு ரத்தம் வந்தது. வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் அடியில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

"அதுக்குக் காய்ச்சலா சார்?" என்றான் ரேடியோ. "எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா இப்படித்தான் ஈரத்துணி போடுவாங்க, ஆனா நெத்தியில, தங்கச்சிக்குப் போட்டா அவ துணிய எடுத்துச் சப்பிடுவா..."

வானிலைக்காரர் சிரித்தார். "இதுக்கும் அதே வைத்தியம்தான். துணி காயும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். காத்து வறண்டு இருந்தா துணி சீக்கிரம் காயும், இது நல்லா குளிர்ந்து போகும். காத்துல ஈரம் நிறைய இருந்தா துணி காயவே காயாது. ரெண்டு வெப்பமானியும் ஒரே அளவு காட்டும்."

"அப்ப மேகம் வரும்போது?"

"ரெண்டும் ஒண்ணாயிடும்."

பதினொன்றரை மணி அறிக்கை எழுதும் நேரம் வந்தது. வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு, எத்தனை பங்கில் மேகம் இருக்கிறதென்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்ட வானிலைக்காரர் ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து புல்லில் படுக்க வைத்தார். அதில் மெழுகுப் பென்சிலால் எட்டுப் பங்கு பிரித்த கோடுகள். வானம் முழுவதும் கண்ணாடிக்குள் கிடந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுப் படிவத்தில் பூஜ்யம் போடப் போனார்.

"இருங்க," என்றாள் வக்கீல். கண்ணாடியின் மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தாள். "இங்க ஒண்ணு இருக்கு."

தூரத்து மலைக்கு மேல், நகத்தால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு.

"அது ரொம்பச் சின்னதும்மா. எட்டுல ஒரு பங்குகூட வராது."

"ஆனா இருக்குல்ல? பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்?"

வானிலைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். விதி அப்படித்தான். துளி மேகம் இருந்தாலும் ஒன்று என்றுதான் போட வேண்டும். மூன்று வருடம் தனியாக எழுதி எழுதிக் கண் கொஞ்சம் சோம்பிவிட்டது. "சரி. ஒண்ணு," என்று எழுதி, தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். பிள்ளைகள் கதவோரம் நின்று கேட்டார்கள். எதிர்முனையில் இருந்தவர், "ஒண்ணா? எங்களுக்கு இங்க ஒண்ணும் தெரியலையே" என்றார் போலிருக்கிறது. "இங்க இருபத்தெட்டுப் பேர் பாத்தாச்சு" என்று இவர் பதில் சொன்னார்.

அந்த வெற்றியில் மதியச் சாப்பாடு வரைக்கும் பொழுது ஓடியது. பிறகு மறுபடி அதே பேச்சு. மேகம் எப்போது வரும்?

டீச்சர் வானிலைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் வேலியோரம் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். "காலையிலேருந்து கீழ நிலம் சூடாயிட்டிருக்கு. சூடான காத்து சரிவைப் பிடிச்சு மேல வரும். வர்ற வழியில குளிரும். இந்த மாதிரி நாள்ல ரெண்டு, ரெண்டரைக்கு இங்க வந்து சேரும். ஆனா சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

மணி ஒன்று ஐம்பது. ஓட்டுநர் வண்டியைத் துடைத்துத் தயாராக நின்றார்.

"அரை மணி நேரம் பாக்கலாமாண்ணா?"

"எனக்கென்னம்மா, நான் நிப்பேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மேகம் வந்துட்டா அது போற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன். இத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அதுக்குள்ள நான் வளைவு ஒடிக்க மாட்டேன்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். பெரிய சாரின் படபடப்பும் நியாயம். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். கண்ணாடியைச் சுற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, வானத்துக்குக் காவல் இருந்தார்கள். "ரெண்டரை வரைக்கும்," என்றார்.

ரெண்டரை ஆனது. வரவில்லை. சொன்ன சொல் சொல்தான் என்று டீச்சர் வரிசையில் நிற்கச் சொன்னார். காலைத் தேய்த்துக்கொண்டு, பையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். வேலிக் கதவுக்குப் பத்தடி இருக்கும்போது ஓட்டுநர் வெளியிலிருந்து கையை ஆட்டினார். "டீச்சர், கீழ பாருங்க."

பாதையின் கடைசி வளைவு தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேலே இருந்த வளைவும் போனது. வெள்ளையாக ஏதோ ஒன்று சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பேருந்தின் முன்பாதி போனது, பிறகு பின்பாதி. டீச்சர் அவசரமாக எல்லோரையும் புல்வெளிக்குள் இழுத்து, வேலிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தாழ்மேல் இருந்த தன் விரல்கள் மங்கிப் போவதைப் பார்த்தார்.

பிறகு வெள்ளைக்குள்ளிருந்து குரல்கள் வந்தன.

"வெந்நீர் ஆறிப்போன பாத்ரூம் மாதிரி இருக்கு."

"இல்ல, ஃப்ரிட்ஜைத் திறந்தா மூஞ்சில அடிக்குமே, அது."

"பிடிச்சேன். கையத் திறந்தா ஒண்ணுமில்ல. ஆனா கை ஈரமா இருக்கு."

வெள்ளைப் பெட்டிப் பக்கமிருந்து வானிலைக்காரர் கத்தினார். "ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. வந்து பாருங்க." அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால், மேகத்தை அவரும் இன்றுதான் முதல் தடவை பார்க்கிறாரோ என்று தோன்றும்.

டீச்சர் முகத்தை நிமிர்த்தி நின்றார். புருவத்தில், கண்ணிமையில், உதட்டுக்கு மேல் பொடிப் பொடியாக நீர் வந்து உட்கார்ந்தது. எதுவும் விழவில்லை, எதுவும் படவில்லை. சும்மா நின்றாலே நனைந்தது. பிள்ளைகளுக்கு ஏதாவது விளக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் பொறுப்பு நினைவுக்கு வந்தது. "எல்லாரும் நிக்கற இடத்துலயே உக்காருங்க. வருகைப் பதிவு எண்ணைச் சொல்லுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று திசைக்கொன்றாகக் குரல் வந்தது. பதினாறு வந்தது. அதோடு நின்றது.

"பதினேழு?"

பதில் இல்லை.

"பதினேழு யாரு?"

"ரேடியோ, டீச்சர்," என்றாள் வக்கீல்.

வேறு யாராவது பேசாமல் இருந்தால் பரவாயில்லை, கூச்சம் என்று விட்டுவிடலாம். ரேடியோ பேசவில்லை என்றால் அவன் அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். டீச்சர் தாழைத் திரும்பத் தொட்டுப் பார்த்தார், போட்டபடியே இருந்தது. வேலி ஆள் உயரம், பிள்ளைகளால் ஏற முடியாது. அறிவுக்கு எல்லாம் தெரிந்தது. இருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேகம் குரலை விழுங்கிவிட்டது. கம்பியில் கை வைத்துக்கொண்டு வேலியோரமாக நடக்க ஆரம்பித்தார். வானிலைக்காரர் எதிர்ப்பக்கமாக நடந்தார்.

மழைமானிக்குப் பக்கத்தில் டீச்சரின் முழங்கால் ஒரு தலையில் இடித்தது.

ரேடியோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வலது கையை நேராக மேலே தூக்கியிருந்தான்.

"கூப்பிட்டது காதுல விழலையாடா?"

தலையாட்டினான், விழுந்தது என்று.

"ஏன்டா பதில் சொல்லல?"

தூக்கிய கையை இன்னும் உயர்த்திக் காட்டினான்.

வக்கீல் வேலியைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். "கையத் தூக்கிட்டுதான் இருந்திருக்கான் டீச்சர். நமக்குத்தான் தெரியல. அவன் மேல தப்பில்ல."

"வாயில என்ன?"

ரேடியோ எழுந்து, டீச்சர் விரலைப் பிடித்து, கண்ணாடி கிடந்த இடத்துக்கு இழுத்துப் போனான். கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. அதில் விரலால் எழுதினான்: மேகம். கீழே: பாப்பாவுக்கு.

டீச்சர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா டீச்சர்," என்று வக்கீல் குரலைத் தாழ்த்தினாள், "வாய்க்குள்ள சூடுல்ல? ஆவியாயிடுமே."

ரேடியோவின் கண்கள் டீச்சர் மேல் நின்றன. மேகத்துளி என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். பொய் சொல்ல அவருக்கு வராது என்பதும் அந்த இருவருக்கும் தெரியும்.

"ஆவியாகும்," என்றார். "ஆனா ஆவி எங்க போகும்? வாயைத் திறக்காத வரைக்கும் உள்ளதானே இருக்கும்."

வக்கீல் அதை ஆராய்ந்து பார்த்து, சரி என்று விட்டாள்.

அலுவலகத் தொலைபேசியில் பெரிய சாரைக் கூப்பிட்டபோது மணி மூன்றேகால்.

"எங்க இருக்கீங்க?"

"மேகத்துக்குள்ள சார்."

"அது எந்த ஸ்டாப்?"

"ஸ்டாப் இல்ல சார். நிஜ மேகம். இது போற வரைக்கும் வண்டி எடுக்க முடியாது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "பிள்ளைங்க?"

"இருபத்தெட்டும் இருக்கு சார். எண்ணிட்டேன். ரெண்டு தடவை."

மேகம் நாலு மணிக்கு முன்னால் கலையவில்லை. இறங்கும் வழியில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சுருங்கின, வெப்பமானி ஏறியது, ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் ரேடியோதான் வேடிக்கை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. ஒருத்தன் கிச்சுக்கிச்சு மூட்டினான். இன்னொருத்தி, "உன் மாமா போனது விமானமா, பஸ்ஸா?" என்று வம்புக்கு இழுத்தாள். அவன் முகம் சிவந்தது, வாய் திறக்கவில்லை. எட்டாவது வளைவில் காது அடைத்தபோதுதான் நிஜமான சோதனை. காதைத் திறக்க எச்சில் விழுங்க வேண்டும். விழுங்கினால் மேகமும் போய்விடும். கண்ணில் நீர் முட்ட, இரண்டு காதையும் கையால் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டான். அதன் பிறகு கிண்டல் நின்றது. பேருந்தே அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர்கூட வளைவுகளை மெதுவாக ஒடித்தார்.

பள்ளி வாசலை அடைந்தபோது ஆறு மணி. பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். முன்னால் பெரிய சார், கைக்கடிகாரமும் கையுமாக. டீச்சர் முதலில் இறங்கி நேராக அவரிடம் போனார். "தப்பு என்னோடதுதான் சார். நான்தான் காத்திருக்கலாம்னு சொன்னேன்."

"நாளைக்கு எழுத்துல குடுங்க," என்றார் பெரிய சார். ஆனால் அவர் கண் டீச்சர் மேல் இல்லை. இறங்கும் தலைகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ரேடியோவின் அப்பா ஸ்கூட்டரில் தங்கையை முன்னால் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். ரேடியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். அப்பா, "என்னடா, எப்படி இருந்தது?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தங்கையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து, அவள் வாயைத் திறக்க வைத்து, தன் வாயை அருகில் கொண்டுபோய் மெதுவாக ஊதினான். வக்கீலும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

தங்கை வாயை மூடினாள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். விழுங்கினாள்.

"இன்னும்," என்றாள்.

"அவ்வளவுதான் பாப்பா, அதுக்கே எனக்குக் காது போயிடுச்சு, நாங்க மேல போனப்போ மேகமே இல்ல, அப்புறம் டிரைவர் அண்ணா வண்டிய நிறுத்தினாரு, இல்ல, அது முன்னாடி..." என்று ரேடியோ தொடங்கினான். ஸ்கூட்டர் திரும்பித் தெருமுனைக்குப் போன பிறகும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை டீச்சர் விளக்கக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு, நாலாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: மேகம் வரத் தாமதமாகிவிட்டது.

பெரிய சார் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். இந்த வருடம் நாலாம் வகுப்புக்கு வேறு பயணம் கிடையாது என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார், தலையாட்டினார்.

"யாருக்காவது சளி பிடிச்சுதா?"

"ரெண்டு பேருக்கு சார். மூணாவது எனக்கு."

"ம்," என்று சொல்லி, பெரிய சார் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.